மாஷும் நானும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல பாட்டு கட்டுறது, மேடையில பாட்டு நாடகம் போடுறது, புதுசா பாட வர்ற புள்ளைங்க, இதைப் பத்தித்தான் வந்திருக்கு. புதுசா படிக்கறவங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிடறேன். நான் கேரளாவுல பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் மீடியம் ஸ்கூல்ல டீச்சரா இருந்தவ, வரி எழுதறது என் வேலை. மாஷ் (மலையாளத்துல வாத்தியாரை இப்படித்தான் கூப்பிடுவாங்க) கானமேள ட்ரூப்ல, அதாவது மேடைப் பாட்டுக் கச்சேரிக் குழுவுல, ரொம்ப வருஷம் கீபோர்டு வாசிச்சவரு, டியூனும் ரெக்கார்டிங்கும் அவரு பாத்துக்குவாரு. ரெண்டு பேரும் சேர்ந்து புதுக் குரலுங்களைத் தயார் பண்றோம், பாட்டு நாடகம் போடறோம். பதில் எழுதறது நான்னாலும் மாஷ்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டுத்தான் அனுப்பறேன்.

கேள்வி: டீச்சர், நானும் எங்க பெரியப்பா பையனும் சேர்ந்து பாட்டு பண்றோம். நான் எழுதுவேன், அவன் கிடார்ல டியூன் போடுவான். டியூன் முதல்லயா வரி முதல்லயான்னு தினமும் சண்டை. எது சரி? (காலேஜ் மாணவர், வண்ணாமடை)

தம்பி, ரெண்டுமே சரிதான், எந்தப் பாட்டுக்கு எதுன்னுதான் பாக்கணும். அமெரிக்காவுல மேடை மியூசிக்கலுக்கு பேர் போன ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் முதல்ல லாரன்ஸ் ஹார்ட்கூட இருந்தப்போ பெரும்பாலும் டியூனைப் போட்டுக் குடுத்து வரி வாங்குவாரு, அப்புறம் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன்கூட சேர்ந்ததும் அவரு வரியை எழுதிக் குடுக்க இவரு டியூன் போட்டாரு, 1943-ல அவங்க சேர்ந்து போட்ட முதல் மியூசிக்கலே ப்ராட்வேல 2000 ஷோவுக்கு மேல ஓடுச்சு. ஆளு அதே ஆளுதான், கூட்டாளி மாறினதும் வேலை செய்யற முறையும் மாறிப்போச்சு. நம்ம சினிமாவுல பெரும்பாலும் டியூன் போட்டு தத்தகாரம் (தன்னன்னான்னு வர்ற சந்தம்) குடுத்து எழுத வைக்கறாங்க, அதுல வரி தாளத்துல நல்லா உக்காரும். எங்க வழக்கம் என்னன்னா ஆட்டத்துக்கு வர்ற பாட்டுன்னா மாஷ் டியூன் முதல்ல, கதை சொல்ற பாட்டுன்னா என் வரி முதல்ல.

ஆனா நீங்க ரெண்டு பேரும் சண்டை போட வேண்டிய இடம் வேற ஒண்ணு இருக்கு, குறில் நெடில். ஒரு தடவை நான் "என்னை விடு"ன்னு எழுதியிருந்தேன், புருசன்கிட்ட கோவிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு பாடற இடம், மாஷ் டியூன்ல அந்த "வி" மேல நாலு மாத்திரை நீண்டு போயிருச்சு. ரிகர்சல்ல பின்னாடி உக்காந்திருந்த ஒரு அம்மா, "எதுக்கு இந்தப் புள்ள வீடு வீடுன்னு அழுவுது, வீடு இடிஞ்சு போச்சா"ன்னு பக்கத்துல கேட்டாங்க. அன்னைக்கே வரியை மாத்தி நெடில் வர்ற வார்த்தையா போட்டோம். உங்க டியூன்ல எந்த இடத்துல நீளுதுன்னு பாத்து அந்த இடத்துல நெடில் விழுதான்னு வாய்விட்டுப் பாடிப் பாருங்க, பேப்பர்ல பாத்தா தெரியாது. தமிழ்ல பாட்டு எழுதறவங்களுக்கு இதைவிட பெரிய விஷயம் இல்லைன்னே சொல்லுவேன்.

கேள்வி: எம் பொண்ணுக்கு 16 வயசுங்க டீச்சர். கலோத்ஸவத்துல (கேரளா ஸ்கூல் கலைவிழா) லளிதகானத்துக்கு (மெல்லிசை) ஏ கிரேடு. டவுன்ல ஸ்டூடியோ வெச்சிருக்கற ரெண்டு பேரு, ஒருத்தர் எழுதறவராம் ஒருத்தர் மியூசிக்காம், இவளை ஆர்ட்டிஸ்டா வளர்த்து விடறோம், ஆல்பம் போடறோம், 3 லட்சம் கட்டுங்க, 10 வருஷம் அக்ரிமெண்ட்னு சொல்றாங்க. இவங்கப்பா நிலத்தை அடமானம் வெக்கலாங்கறாரு. என்னங்க பண்றது? (ஒரு அம்மா, வேலந்தாவளம்)

அம்மா, முதல்ல நிலத்துப் பத்திரத்தை பீரோவுல வெச்சுப் பூட்டுங்க. இதை நான் கெஞ்சியே சொல்றேன்.

புதுக் குரலை வளர்க்கறேன்னு சொல்றவங்க அவங்க நேரத்தையும் காசையும் போடணும், அந்தப் புள்ள சம்பாதிக்க ஆரம்பிச்சா அதுல ஒரு பங்கு எடுத்துக்கணும். புள்ள வீட்டுலயே முன்பணம் வாங்கிட்டாங்கன்னா அவங்க வருமானம் அங்கயே முடிஞ்சு போச்சு, அப்புறம் உங்க பொண்ணு பாட்டு ஓடினா என்ன ஓடாட்டி என்ன. அப்புறம் 18 வயசு ஆகாத புள்ள போடற ஒப்பந்தம் சட்டப்படி செல்லவே செல்லாதுங்க, அதனாலதான் உங்க கையெழுத்தைக் கேக்கறாங்க. அந்தப் பேப்பரோட ஒரு காப்பி வாங்கிட்டு வந்து ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க, காப்பி தர மாட்டேன்னாங்கன்னா அதுலயே உங்களுக்குப் பதில் கிடைச்சிருச்சு. அக்ரிமெண்ட் காலம் முடிஞ்சப்புறமும் வேற யாருக்கும் பாடக் கூடாதுன்னு ஒரு வரி இருந்தா, 1872 ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவுப்படி அந்த வரி நிக்காதுன்னும் தெரிஞ்சு வெச்சுக்குங்க.

சரி, பொண்ணை என்ன பண்றது? அதுதான் முக்கியமான கேள்வி. ஏ கிரேடு பெரிய விஷயம்தாங்க, 1958 கலோத்ஸவத்துல பள்ளிக்கூடப் பையனா வந்து பாட்டுல முதல் பரிசு வாங்கினவருதான் யேசுதாஸ், அதே வருஷம் மிருதங்கத்துல பரிசு வாங்கினது ஜெயச்சந்திரன். ஆனா போட்டிக்குத் தயார் பண்ற பாட்டை மாஸ்டர் எப்படிச் சொல்லிக் குடுத்தாரோ அப்படியே சங்கதி மாறாம புள்ளைங்க பாடும், அதுல அந்தப் புள்ளையோட குரல் எதுன்னு இன்னும் வெளிய வந்திருக்காது.

எங்ககிட்ட உங்க பொண்ணு வயசுல ஒரு புள்ள வந்தா. பிரமாதமாப் பாடுவா, யாரு பாட்டுப் பாடினாலும் அவங்களாட்டவே இருக்கும். மூணு மாசம் நாங்க மைக்கே குடுக்கலீங்க. தினமும் அரை மணி நேரம் பேப்பரைச் சத்தமாப் படிக்கச் சொன்னோம், அவங்க ஆயா பாடற தாலாட்டைப் பாடச் சொன்னோம். 5½ கட்டை சுருதியில பாடிப் பழகியிருந்தா, மேல போறப்பல்லாம் கழுத்து நரம்பு புடைக்கும், தாலாட்டு பாடறப்போ தானா 4½ கட்டையில ஆரம்பிச்சா. மாஷ் ஹார்மோனியத்துல அந்தச் சுருதியைத் தொட்டுப் பாத்துட்டு என்னைப் பாத்து ஒண்ணும் பேசாமத் தலையை மட்டும் ஆட்டினாரு. அதுதான் அவ குரலுங்க, அதுல ஒரு கரகரப்பு இருந்துச்சு, கீழ் ஸ்தாயியில பாடினா கேக்கறவங்க நெஞ்சுல வந்து உக்காந்துக்கும். அதுக்கப்புறம் அவளுக்குன்னு எழுதின எல்லாப் பாட்டுமே அந்தக் கட்டையை மனசுல வெச்சுத்தான். முதல்ல நாடகத்துல கூட்டத்துல ஒருத்தியா நிக்க வெச்சோம், அடுத்த நாடகத்துல நாலு வரி, அதுக்கடுத்ததுல முழுசா ஒரு பாட்டு, ஒரு கையில குடத்தைத் தூக்கிட்டு நடந்துட்டே பாடற மாதிரி. நடந்துட்டே பாடினா மூச்சு எங்க எடுக்கறதுன்னு உடம்பே கத்துக்கும், ஸ்டூடியோவுல ஒரு வரி ஒரு வரியாப் பாடி ஒட்டினா அது எந்தக் காலத்துலயும் வராது. ஆல்பம் போட்டது ரெண்டு வருஷம் கழிச்சு. இப்ப அவ எங்ககூட இல்ல, வேற ட்ரூப்ல நல்ல சம்பளத்துக்குப் பாடறா, தீபாவளிக்கு போன் பண்ணுவா.

அதனால ஸ்டூடியோவைத் தேடாதீங்க, மேடையைத் தேடுங்க. பாலக்காட்டுல செம்பை பேர்ல கவர்மெண்ட் மியூசிக் காலேஜ் இருக்கு, பிளஸ் டூ முடிச்சப்புறம் அங்கயும் விசாரிச்சுப் பாருங்க.

கேள்வி: ஆட்டோட்யூன் போட்டா ஏமாத்தறதா? (மீனாட்சிபுரம்)

ரெக்கார்டிங்ல ஒரு இடத்துல கொஞ்சம் நகர்ந்த ஸ்வரத்தை அந்த சாஃப்ட்வேரை வெச்சுச் சரி பண்ணிக்கறது தப்பில்ல. கத்துக்கிட்டிருக்கற புள்ளைக்கு மட்டும் போடாதீங்க, தன்னோட தப்பு தன் காதுல விழாமயே போயிரும்.

கேள்வி: நான் பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கா தமிழ் மீடியம் ஸ்கூல் வாத்தியாருங்க. ஆண்டு விழாவுக்கு கொங்கன் படையை 40 நிமிஷப் பாட்டு நாடகமாப் போடலாம்னு ஆசை. ஆனா எங்க புள்ளைங்க வீட்டுல பேசறது கொங்குத் தமிழு, கதையில தோக்கறது கொங்குப் படை. போடலாமா? போட்டா எப்படிப் போடறது?

வாத்தியாருங்க, இந்த லெட்டரை நானும் மாஷும் மூணு தடவை படிச்சோம். கட்டாயம் போடுங்க.

வெளியூர் வாசகர்களுக்காக: கும்ப மாசம் சித்தூர் பகவதி கோயில்ல நடக்கற விழா கொங்கன் படை. படையெடுத்து வந்த கொங்கு சேனையைச் சித்தூர்க்காரங்க விரட்டின நினைவா நடத்தறது, பகவதியே களத்துல வந்து நின்னான்னு நம்பிக்கை. போருக்கு வாங்கடான்னு கொங்கன் அனுப்பின ஓலையைப் படிக்கறது அதுல ஒரு சடங்கு.

இப்ப நாடகத்துக்கு வருவோம். யாரு ஜெயிச்சாங்கன்னு ஆரம்பிச்சீங்கன்னா அது நாடகமா இருக்காது, ஸ்கூல் ஊர்வலமா ஆயிரும். பாட்டு நாடகத்துல ஒருத்தர் எப்போ பாட ஆரம்பிப்பாங்கன்னா, பேசினா பத்தாதுங்கற நிலைமைக்கு வந்தப்புறம். அப்படி யாருக்கு வரும்? ராஜாவுக்கு வராது, அவரு ஆர்டர் போட்டாப் போதும். கோயமுத்தூர் பக்கத்துல இருந்து மாட்டு வண்டியில சரக்கு ஏத்திட்டு வந்து சித்தூர்ல விக்கறவனுக்கு வரும், தங்கச்சியை இந்தப் பக்கம் கட்டிக் குடுத்தவனுக்கு வரும். அந்த ஓலையைச் சுமந்துட்டு வர்றவன் கொங்கு ஆளு, அவன் தங்கச்சி வாக்கப்பட்டது சித்தூர்ல, அவ வீட்டு வாசலைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போகணும். இந்த இடத்துல ஒரு பாட்டு வைங்க. அண்ணன் தமிழ்ல பாடட்டும், தங்கச்சி பாதி தமிழ்லயும் பாதி மலையாளத்துலயும் பாடட்டும், நம்ம வீடுகள்ல நிஜமாவே அப்படித்தானே பேசறோம். ஓலையைப் படிக்கற கட்டத்தைப் பாட்டாக்க வேண்டாம், மேளம் எல்லாத்தையும் நிறுத்திட்டு வெறும் குரல்ல படிக்க வைங்க. அதுவரைக்கும் பாட்டாக் கேட்ட காதுக்கு அந்த அமைதி என்னமோ பண்ணும்.

இந்த அண்ணன் தங்கச்சி நான் இப்ப கட்டினது, கோயில் ஐதீகத்துல இல்ல, அதையும் புள்ளைங்ககிட்ட தெளிவாச் சொல்லிடுங்க.

40 நிமிஷத்துக்கு அஞ்சு பாட்டு போதும், ஆறு வேண்டாம். டியூனுக்கு சினிமாவுக்குப் போகாதீங்க. உங்க ஜில்லாவுலயே கண்யார்களி இருக்கு, பொறாட்டு நாடகம் இருக்கு, ரெண்டுமே நாட்டுப்புறக் கலை, ரெண்டுலயும் தமிழ் கலந்தே வரும், வயசானவங்ககிட்டப் போய் உக்காந்து தாளத்தைக் கேட்டுட்டு வாங்க. பொறாட்டுல ஒரு சோத்தியக்காரன் வருவான், மேடைக்கு வர்ற பாத்திரத்தை நீ யாரு, எந்த ஊரு, எங்க போறன்னு கேள்வி கேட்டுட்டே கதையை நகர்த்துவான். உங்க நாடகத்துக்கு செக்போஸ்ட் மாதிரி ஒரு இடத்துல அப்படி ஒருத்தனை நிக்க வைங்க, பாதி கதையை அவனே சொல்லிருவான்.

பையனுங்க குரலைப் பத்தி ஒண்ணு சொல்லணும். ஏழாவது எட்டாவது பையனுங்களுக்கு மெயின் பாட்டு குடுக்கறதுக்கு முன்னாடி யோசிங்க. பழைய பாய்ஸ் கம்பெனி நாடகக்காரங்க மகரக்கட்டுன்னு சொல்லுவாங்க, குரல் உடையற வயசு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல மதுரையில பையனுங்களை வெச்சே ஒரு சபா ஆரம்பிச்சு, எழுதறதும் பாட்டு கட்டறதும் சொல்லிக் குடுக்கறதும் அவரே பண்ணாரு. அந்த மாதிரி கம்பெனிங்கள்ல ராஜபார்ட்டோ ஸ்திரீபார்ட்டோ கட்டுன பையனுக்கு மகரக்கட்டு வந்துட்டா கம்பெனிக்கே கஷ்டம். ஜூன்ல நல்லாப் பாடற பையன் ஜனவரி ஆண்டு விழாவுல திணறலாம், அது அவன் தப்பில்ல, அவனை யாரும் சிரிக்க விடாதீங்க. அவன் பாட்டை மூணு கட்டை இறக்கறதுக்கு இப்பவே வழி வெச்சுக்குங்க, இல்லாட்டி அவனுக்கு வசனமாக் குடுத்து பின்பாட்டுக்கு இன்னொரு புள்ளையைப் போடுங்க.

உச்சரிப்பைப் பத்தியும் கேட்டிருந்தீங்க. மலையாளம் படிச்ச புள்ள "காற்று"ன்னு பாடறப்போ அந்த "ற்ற" மலையாளத்துல வர்ற மாதிரியே வரும். அண்ணன் பாத்திரத்துக்குத் திருத்துங்க, தங்கச்சி பாத்திரத்துக்குத் திருத்த வேண்டாம். அவ இந்தப் பக்கம் வாழ வந்தவங்கறதை அந்த ஒரு எழுத்தே சொல்லிரும்.

சின்ன ஸ்கூல்ல இதெல்லாம் எங்க நடக்கும்னு மலைச்சுப் போயிடாதீங்க. ஆண்ட்ரூ லாயிட் வெப்பரும் டிம் ரைஸும், ஒருத்தர் மியூசிக், ஒருத்தர் வரி, 1968-ல லண்டன்ல ஒரு ஸ்கூல் புள்ளைங்களுக்காக 15 நிமிஷத்துக்குப் பண்ண பைபிள் கதைதான் பின்னாடி வளர்ந்து வளர்ந்து பெரிய தியேட்டர் மியூசிக்கல் ஆச்சு. நம்ம கேரளாவுலயே கே.பி.ஏ.சி.ங்கற நாடகக் குழு 1952-ல போட்ட நாடகத்துக்கு ஓ.என்.வி. குறுப்பு பாட்டு எழுத தேவராஜன் மாஸ்டர் மெட்டுப் போட்டாரு, அப்ப ஓ.என்.வி.க்கு 21 வயசு. மேடையில பாடின கே.எஸ்.ஜார்ஜும் சுலோசனாவும் அந்த நாடகத்தாலதான் கேரளா முழுக்கத் தெரிஞ்ச குரலானாங்க. புது நாடகமும் புதுக் குரலும் சேர்ந்தேதான் வளரும், தனித்தனியா வளர்த்து நான் பாத்ததில்ல.

ஸ்கிரிப்ட் எழுதினதும் அனுப்புங்க, நானும் மாஷும் படிச்சுட்டு எழுதறோம். காசு ஒண்ணும் வேண்டாம்.

கேள்வி: நாங்க ரெண்டு பேரு சேர்ந்து பண்ண பாட்டு இப்ப கல்யாண வீட்டுல எல்லாம் ஓடுது. வரி என்னுது. ஆனா கூட்டாளி தன் பேரை மட்டும் போட்டு ஆன்லைன்ல ஏத்திட்டான். பாட்டு யாருக்குச் சொந்தம்? (எலப்புள்ளி)

உங்களுக்கு ஒரு ஆச்சரியம் சொல்றேன். 1957 காப்பிரைட் சட்டத்துல வரி தனி, டியூன் தனி. இசைப் படைப்புன்னா அதுல வார்த்தை சேராதுன்னே எழுதியிருக்கு. வரிக்குச் சொந்தக்காரர் நீங்க, டியூனுக்கு அவரு. பாடினவருக்கு பாடினதுக்கான உரிமை தனியா இருக்கு, ரெக்கார்டிங்குக்கு அதைக் காசு போட்டு எடுத்தவங்க சொந்தக்காரங்க. ஒரே பாட்டுல நாலு பங்கு. நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்காத வரைக்கும் உங்க பங்கு வேற ஒருத்தருக்குப் போகாது. எழுதிக் குடுத்தாலும் எத்தனை வருஷத்துக்குன்னு அதுல இல்லைன்னா 5 வருஷம்னுதான் கணக்கு, எந்த இடத்துக்குன்னு இல்லைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். உங்க வரி உங்களுக்கு அப்புறமும் 60 வருஷம் உங்க குடும்பத்துக்கு உரிமை. ஐ.பி.ஆர்.எஸ்.ல (வரி எழுதறவங்களுக்கும் மெட்டுப் போடறவங்களுக்கும் ராயல்டி வாங்கித் தர்ற அமைப்பு) மெம்பரா சேர்ந்து பாட்டைப் பதிவு பண்ணுங்க, எழுதின நோட்டு, தேதியோட அனுப்பின வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிச்சிராதீங்க.

நாங்களும் இதுல அடிபட்டவங்கதான். ஒரு கம்பெனி, பேர் வேண்டாம், எங்க நாடகப் பாட்டு மூணை ஒரு தாள்ல கையெழுத்து வாங்கி எடுத்துக்கிட்டாங்க, தாள்ல இருந்ததைப் படிக்காமப் போட்டது நான். மாஷ் எட்டு மாசம் என்கூடப் பேசலீங்க. அவரு கோவம் கம்பெனி மேல இல்ல, தன்னைக் கேக்காம நான் போட்டேங்கறதுதான். அந்த எட்டு மாசத்துல நான் எழுதின வரி ஒண்ணுகூட இன்னைக்கு வரைக்கும் பாட்டாகல. அதுக்கப்புறம் நாங்க ஒரு வழக்கம் வெச்சோம், பாட்டு முடிஞ்ச அன்னைக்கே, டீ குடிக்கறதுக்கு முன்னாடி, ஒரு வெள்ளைத் தாள்ல வரி யாரு, மெட்டு யாரு, பாடினது யாரு, பங்கு எவ்வளவுன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்துக்குவோம். பாட்டு ஓடறதுக்கு முன்னாடி எழுதினா சண்டை வராது, ஓடினப்புறம் எழுத உக்காந்தா யாருக்கும் ஞாபகம் ஒரே மாதிரி இருக்காது.

உங்க எலப்புள்ளியில பொறந்தவருதானுங்க எம்.எஸ்.விஸ்வநாதன். ராமமூர்த்திகூட 1952-ல சேர்ந்து 1965-ல பிரிஞ்சாரு, அப்புறம் 30 வருஷம் கழிச்சு 1995-ல ஒரு படத்துக்கு ரெண்டு பேரும் மறுபடி சேர்ந்து மியூசிக் போட்டாங்க. நீங்க வக்கீல் நோட்டீஸ் அனுப்பறதுக்கு முன்னாடி கூட்டாளி வீட்டுக்கு ஒரு தடவை நேர்ல போயிட்டு வாங்க. சில பேருக்கு அந்த அப்லோட் பக்கத்துல எழுதினவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கறதே தெரியாது. தெரிஞ்சேதான் பண்ணியிருக்கான்னா அப்புறம் நோட்டீஸ் அனுப்புங்க, தயங்க வேண்டாம்.

கேள்வி: உங்க ரிகர்சலை வந்து பாக்கலாமா டீச்சர்? எனக்கு பாட வராது, சும்மா பாக்கத்தான். (தையல் கடை, நாட்டுக்கல்)

தாராளமா வாங்க. ஞாயித்துக்கிழமை சாயந்தரம், பழைய ரைஸ் மில் குடோன்ல. தையல் தெரியும்னா வர்றப்போ இஞ்ச் டேப்பும் கொண்டு வாங்க, இந்தத் தடவை நாடகத்துல பதினோரு பொண்ணுங்க இருக்காங்க, பாவாடை இன்னும் ஒருத்திக்கும் தைக்கல.